பனையேறியின் கண்

ஜூன் மாதக் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் புது தில்லியின் சாலைகளில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். அசோகா சாலை, துக்ளக் சாலை முதலிய இடங்களில் வரிசையாக நிற்கும் நாவல் மரங்கள் கனி உதிர்க்கும் காலம் அது. அம்மரங்களின் பலனைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் ஆட்கள் கிளைகளில் ஏறி நின்று உலுக்குவர். கீழே நால்வர் துணியை விரித்துப் பிடித்து நிற்பர். கருநீலக் கனிகள் மழைபோல் வந்து விழும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வயது நிரம்பிய என் மகனுடன் அவ்வழியே சென்றேன். அவன் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்திருந்துவிட்டு, "அப்பா, மரம் ஏறுறதெல்லாம் ஒரு வேலையா? யார் வேணும்னாலும் ஏறலாமே!" என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம் இதுதான்: அவனுடைய தாத்தா, அதாவது என் தந்தையார், மரம் ஏறியே எங்கள் குடும்பத்தைக் காத்தவர். தூத்துக்குடி மாவட்டத்தில், உடன்குடிக்குத் தெற்கே செம்மணல் தேரியை அடுத்த ஒரு சிற்றூரில் அவர் பனையேறியாக இருந்தார். இச்செய்தியை என் மகனுக்கு நான் சொல்லியதில்லை. அவனுக்கு மட்டுமா? ரயில்வே வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்று கேட்டிருந்த இடத்தில் 'விவசாயம்' என்றே எழுதினேன். அது முழுப் பொய் அன்று. முழு உண்மையும் அன்று. அப்பதிலைத் திருத்தி எழுதும் பொருட்டும், என் மகனின் கேள்விக்கு விடை கூறும் பொருட்டும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். கல்வியில் மெட்ரிக் அளவைத் தாண்டாத என் எழுத்தில் குறையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

கருவியும் உடலும்

மரம் ஏறத் தெரிந்தவரெல்லாம் மரமேறும் தொழிலாளி ஆகிவிடமாட்டார். கிராமத்துச் சிறுவன் எவனும் மாமரத்தில் ஏறுவான். மாமரத்துக்குக் கிளையுண்டு, பிடிக்கவும் மிதிக்கவும் இடமுண்டு. பனைக்குக் கிளை இல்லை. நேராக நிமிர்ந்து நிற்கும் அம்மரம் முழு வளர்ச்சி அடைந்தால் 100 அடிவரை உயரக்கூடியது. தொழிலுக்கு ஏறும் மரங்கள் பெரும்பாலும் 40 அடிக்கு மேற்பட்டவை.

பனையேறியின் ஆயுதங்களைச் சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு சில. இரு கால்களையும் இணைக்கும் தளைநார் ஒன்று. மரத்தோடு உராயும் நெஞ்சைக் காக்க ஒரு தோல். தடித்த அடிமரத்தில் சாய்த்து, முதற்படியாக மிதித்து ஏற முருக்குத்தடி. இடுப்பில் அரிவாள் பெட்டி. அதனுள் மட்டை கழிக்க ஓர் அரிவாளும், பாளை சீவ மெல்லிய கூரிய அரிவாள் ஒன்றும். கூடவே சுண்ணாம்புப் பெட்டி. பதநீர் இறக்கி வர ஒரு குடுவை. இவற்றுள் பெரும்பாலானவை பனையிலிருந்தே கிடைத்தவை. பனைநாரைக் காலில் மாட்டிப் பனையின்மேல் ஏறுவதும், பனையோலையும் நாரும் கொண்டு முடைந்த பெட்டியில் அரிவாளைச் செருகிக்கொள்வதும் இத்தொழிலின் சிறப்பு.

ஏறும் முறையைக் கேளுங்கள். தளையால் பிணைந்த இரு பாதங்களின் உட்புறமும் மரத்தின் இரு பக்கங்களையும் இடுக்கிபோல் பற்றும். கைகள் மரத்தைத் தழுவும். கால்கள் ஊன்றியிருக்கும்போது கைகள் மேலேறும். கைகள் பற்றியிருக்கும்போது கால்கள் மேலேறும். இரண்டும் ஒருசேர நகரக் கூடாது. கேட்பதற்கு எளிது. ஆனால் மரம் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் சிறுத்தும் இருக்கும்; ஓரிடத்தில் சொரசொரப்பாகவும் ஓரிடத்தில் வழவழப்பாகவும் இருக்கும். இவ்வேறுபாட்டை உள்ளங்கால் தானே அறிந்து பிடியை மாற்றிக்கொள்ள வேண்டும். உச்சியை எட்டியதும் வேறொரு அபாயம் காத்திருக்கும். பனைமட்டையின் இரு ஓரங்களிலும் உள்ள கருக்கு, ரம்பத்தின் பற்களை ஒத்தது. அதன் நடுவே புகுந்துதான் மட்டைமேல் அமரவேண்டும். ஓலைகளுக்கிடையே தேளும் இருக்கலாம், குளவிக் கூடும் இருக்கலாம்.

உச்சியில் நடப்பது

பன்னிரண்டு வயதில், தந்தையார் இல்லாத நேரத்தில், அவருடைய பழைய தளையை மாட்டிக்கொண்டு சிறிய பனை ஒன்றில் பாதிவரை ஏறி இறங்கினேன். அவர் வந்ததும் பெருமையுடன் கூறினேன். அடி விழும் என்று அஞ்சினேன், விழவில்லை. அவர் தளையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "ஏறிட்ட, சரி. மேல போயி என்னல செய்வ?" என்று கேட்டார்.

காற்றில் முறிந்து விழுந்த பாளை ஒன்று திண்ணையோரம் கிடந்தது. அதை எடுத்துப் பாளை அரிவாளுடன் என் கையில் கொடுத்து, "சீவு" என்றார். சீவினேன். அரை விரற்கடை கனத்தில் ஒரு துண்டு விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "நாலு நாள் சோத்த ஒரே வெட்டுல தின்னுட்ட" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் இத்தொழிலின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பாளையின் நீளம் அளவுக்கு உட்பட்டது. நாளுக்கு இருமுறை அதன் நுனியைச் சீவினால்தான் சாறு வடியும். கனமாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோம். மிக மெல்லியதாகச் சீவினால் பழைய வாய் திறவாது; சாறு நின்றுவிடும். வெங்காயச் சருகு போன்ற ஒரு படலம் மட்டும் விழவேண்டும். இதை 40 அடி உயரத்தில், காற்றில் ஆடும் மரத்தில், மட்டைமேல் அமர்ந்துகொண்டு செய்யவேண்டும்.

சீவுவதற்கு முன்னும் பல நாள் வேலை உண்டு. ஆண்பனையின் பாளை விரல் விரலாகப் பிரிந்து நிற்கும். பெண்பனையின் பாளையில் இளங்காய்கள் அரும்பியிருக்கும். இரண்டையும் ஒரே விதமாகக் கையாள முடியாது. மரத்தாலான கடிப்பினால் பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்துவர். மேலே தோல் கிழியக் கூடாது. உள்ளே மட்டும் நெகிழ வேண்டும். பின்னர் பாளைகளைச் சேர்த்துக் கட்டி, நுனி கலயத்துக்குள் இறங்குமாறு வளைத்து விடுவர். அழுத்தம் மிகுந்தால் பாளை அழுகும்; குறைந்தால் சுரக்காது. எந்தப் பாளை எப்போது பதத்துக்கு வந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. விரல் நுனியும் கண்ணுமே சொல்லும்.

அடுத்தது சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. அத்தடையின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஒரு விரலில் தொட்ட சுண்ணாம்பே பதநீரையும் கள்ளையும் பிரிக்கிறது என்பதை மட்டும் கூறுகிறேன். அது மிகுந்தாலும் குற்றம். பதநீர் கரிக்கும், கருப்பட்டியின் சுவை கெடும். அளவு கையில் இருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் இத்தொழிலுக்கு இட்ட பெயரை அறிந்தபோது நான் வியப்படைந்தேன். அவர்கள் இதைச் 'சீவல் தொழில்' என்கின்றனர். நாம் கீழே நின்று பார்த்துப் 'பனையேறி' என்று பெயரிட்டோம். அவர்களோ உச்சியில் நடப்பதைப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றனர். ஏறுதல் தொழிலுக்குச் செல்லும் பாதை, சீவுதலே தொழில். நம்மில் பலர் காலை எட்டு மணிக்கு மெட்ரோ ரயிலில் நெருக்கியடித்துச் செல்கிறோம். அதைக் கண்டு நம்மை 'ரயிலேறிகள்' என்று ஒருவர் அழைத்தால் ஒப்புவோமா?

ஒரு நாட்கணக்கு

எழுத்தனுக்குக் கணக்கில்லாமல் உறக்கம் வாராது. ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தந்தையார் பருவத்தில் 30 மரம் ஏறுவார். ஒவ்வொன்றிலும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மரத்துக்கு 40 அடி என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறிய உயரம் 2,400 அடி. நம் குதுப் மினாரின் உயரம் ஏறத்தாழ 240 அடி. ஆக, என் தந்தையார் ஒவ்வொரு நாளும் பத்துக் குதுப் மினார்களை, படிக்கட்டின்றி, வெளிப்புறமாக ஏறி இறங்கினார்! தை மாசியில் தொடங்கி ஆனி ஆடிவரை இது நடக்கும்.

ஆனால் கால் செய்த இக்கணக்கைவிட மனம் செய்த கணக்கே பெரிது. 30 மரங்களில் எத்தனை பாளை, எந்தப் பாளை இன்னும் எத்தனை நாள் தாங்கும், எந்த மரத்தின் எந்தப் பக்கத்து மட்டை இற்றுப்போயிருக்கிறது, எந்த மரம் மேல்காற்றில் அதிகம் ஆடும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. ஒரு சீட்டிலும் எழுதியதில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் தேடுவதற்கு நாங்கள் மூவர் அரைநாள் செலவிடும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவே வரும்.

அவர் இறக்கியதை அம்மா விடிலியில் காய்ச்சுவார். 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ந்து வற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி தேறும். அனல் முகத்திலடிக்க, பாகு முறிவதற்கு முன்னும் பின்னும் போகாமல் சரியான கணத்தில் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவார். அதுவும் ஒரு தனிக் கலை. பனைத்தொழில் ஒருவர் தொழில் அன்று; மரத்தின்மேல் ஒருவரும் அடுப்பின்முன் ஒருவருமாக இருவர் தொழில்.

வைகாசி மாதத்து மழை

இத்தொழிலின் சிறப்பே அதன் விலங்கும் ஆகும். ஒருநாள் சீவாவிட்டால் பாளையின் வாய் காய்ந்து அடைபடும். ஆகவே பருவத்தில் விடுமுறை இல்லை. காய்ச்சலிலும் ஏறவேண்டும், வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் அந்திக்குள் ஏறவேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, வைகாசியில் ஒரு பிற்பகல் எதிர்பாராத மழை பெய்தது. நனைந்த பனை வழுக்கும் என்பதை அறியாதவரல்லர் தந்தையார். 30 மரத்துப் பாளைகளும் அடைபட்டுவிடுமே என்று மழை விட்டதும் புறப்பட்டார். நிறைந்த குடுவையுடன் இறங்குகையில், தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் கால் நழுவிற்று. விளையில் வேறு எவரும் இல்லை. பதநீர் வந்துசேரவில்லையே, அடுப்பு வீணாக எரிகிறதே என்று அம்மா தேடிச் சென்றபோதுதான் செய்தி தெரிந்தது. உயிருக்கு மோசமில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் மரம் ஏறவில்லை. மரங்களும் எங்களுடையவை அல்ல, பாட்டத்துக்கு எடுத்தவை. கொடுத்த முன்பணத்தையும் கைவிட்டோம். மெட்ரிக் தேறியதும் என் படிப்பு நின்றது. ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வெழுதி எழுத்தனாகித் தில்லி வந்தேன்.

அந்நிகழ்ச்சியை நினைக்கும்போது எனக்கு விளங்கும் உண்மை ஒன்று. திறமைக்கு எல்லை உண்டு. எத்துணைத் தேர்ந்தவராயினும் துணையின்றி விடப்பட்டால் ஒருநாள் மழை அவரை வென்றுவிடும்.

பிற இடங்களில்

மரமேறுதலை மதிக்கத் தெரிந்த நாடுகளும் உண்டு. இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்சர் என்னும் மரவளர்ப்புச் சங்கத்தார் உலக அளவில் மரமேறும் போட்டி நடத்துகின்றனர். விரைந்து ஏறுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. மரத்தின்மேல் காயமுற்ற தோழனைப் பத்திரமாகக் கீழே இறக்குவதும் ஒரு தேர்வு. விபத்து நேரக்கூடும் என்பதையும், பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதையும் தொழிலின் இலக்கணமாகவே அவர்கள் கொண்டுவிட்டனர்.

அண்டை நாடான இலங்கையின் மேற்குக் கரையில், வாதுவை, களுத்துறைப் பகுதிகளில், தென்னையில் கள் இறக்குவோர் மரத்துக்கு மரம் உச்சியில் கயிறு கட்டி அதன்மேல் நடந்து செல்வர். ஒருமுறை ஏறினால் பல மரங்களைப் பார்த்து வரலாம். ஏறி இறங்கும் உழைப்பை மிச்சப்படுத்த அவர்கள் கண்ட வழி அது. அந்தரத்தில் நடக்கும் அபாயம் அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை.

கேரளத்தில் தென்னை ஏற ஆள் கிடைக்காத நிலை வந்தபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. இளைஞரும் பெண்களும் கருவியின் துணையால் மரமேறக் கற்றனர். விபத்துக் காப்பீடும் அளிக்கப்பட்டது. பெயரைப் பாருங்கள்: ஏறுபவர் என்று சொல்லாமல் நண்பர் என்றனர்! வேலையை மாற்றாமல் அதன் மதிப்பை மாற்றும் முயற்சி இது. ஆயினும் தென்னைக்குப் பொருந்தும் கருவி பனைத்தொழிலுக்கு அப்படியே பொருந்துவதில்லை. தென்னையில் காய் பறிக்கச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறினால் போதும். நாளுக்கு அறுபது முறை ஏறி இறங்குபவர் ஒவ்வொரு மரத்திலும் கருவியைப் பூட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் பொழுது போதாது. மேலும், கருவி உச்சிவரை கொண்டு சேர்க்கும்; பாளையைச் சீவித் தராது.

நம் மாநில அரசும் வாளா இருந்துவிடவில்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற விதியும் அறிவிக்கப்பட்டன. பாராட்டத்தக்கதே. ஆனால் 'தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்' என்பது நம் முதியோர் வாக்கு. இன்று ஊன்றிய விதை பாளை விடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அப்போது மரம் இருக்கும். சீவத் தெரிந்த கை இருக்குமா? விதையை மூட்டையில் கட்டி வைக்கலாம். கைப்பழக்கத்தை அப்படி வைக்க முடியாது. அது ஒருவர் பக்கத்தில் ஒருவர் பல பருவங்கள் நின்றே கற்கத்தக்கது.

கற்க வருவோர் ஏன் குறைந்தனர்? அபாயம் ஒரு காரணம். கரும்புச் சர்க்கரையைக் கலந்த போலிக் கருப்பட்டி மலிவாக விற்பது மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் நாமே. 'மரமேறி' என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்தியவர்கள் நாம். அந்த வசைக்கு அஞ்சிப் படிவத்தில் வேறு தொழிலை எழுதியவர்களும் நாம். ஏடுகளைக் காத்த பெரியோரைப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். அந்த ஏட்டுக்கு உரிய ஓலையை உச்சியிலிருந்து இறக்கியவரை ஒருமுறையேனும் நினைத்தோமா?

நாம் செய்யத்தக்கது

தில்லியில் வாழும் நாம் பனை ஏறப்போவதில்லை. ஆயினும் நம்மால் ஆவன சில உண்டு. கோடை விடுமுறையும் பதநீர்ப் பருவமும் ஒன்றாக வருகின்றன. நிஜாமுத்தீனிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டி திருநெல்வேலி வழியே செல்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு விடியற்காலையில் குழந்தைகளைப் பனைவிளைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள். மரத்தடியில் நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். இயன்றால் விடிலியிலேயே கருப்பட்டி வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதல் என்று பேரம் பேசாதீர்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் குறையும்.

சென்ற மே மாதம் நான் என் மகனை அழைத்துச் சென்றேன். தந்தையார் இப்போது தடியூன்றி நடக்கிறார். எங்கள் ஊரில் எஞ்சியுள்ள சில பனையேறிகளுக்குத் தளைநார் முறுக்கித் தருவதே அவருடைய வேலை. "தாத்தா, எனக்கும் மரம் ஏறக் கத்துக் குடுங்க" என்றான் பேரன். அவர் சிரித்தார். தளையை எடுக்கவில்லை. உள்ளே சென்று பழைய பாளை அரிவாளையும், விளையிலிருந்து வந்திருந்த ஒரு பாளைத் துண்டையும் கொண்டுவந்து அவன் முன் வைத்தார். தம் கையை அவன் கைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

முதல் வெட்டு கனமாகவே விழுந்தது. ஏழாவதோ எட்டாவதோ சற்று மெலிந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் தந்தையார், ஒன்றும் சொல்லவில்லை. என் மகன் அச்சீவலைத் தன் கணக்குப் புத்தகத்தின் நடுவே வைத்துத் தில்லிக்குக் கொண்டுவந்திருக்கிறான். அது உலர்ந்து சுருங்கிவிட்டது. ஆனால், "மரம் ஏறுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று அவன் பின்னர் கேட்கவில்லை.